மூன்றாம் வளைவுப் பாறைக்கு

நீ ஒன்றும் வழிமறிக்கவில்லை.
உன் இடத்தில்தான் இருந்தாய்.
ஒரு விரற்கடைப் பனியை
முழமென்று நினைத்தவள் நான்.

சத்தம் முதலில் காலுக்குக் கேட்டது,
பிறகுதான் காதுக்கு.

பேருந்தில் பனிச்சறுக்குப் பலகையை
மடியில் கவிழ்த்துப்போட்டுத் தடவினேன்.
நீளம் ஒரு சாண். ஆழம், நாணயம் செருகினால் நிற்கும்.
கறுப்புக்குக் கீழே வெளிறிய மரம் தெரிந்தது.
முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
ரஸ்லோகில் இது பல்வலி மாதிரி,
அவரவர் பாடு.

இரண்டு நாள் தொடவேயில்லை.
சோம்பல் அல்ல, மரம் ஈரம் குடித்திருந்தது.
ஈரத்தோடு மூடினால் மேலே மினுங்கும்,
உள்ளே உளுத்துப்போகும்.
ரேடியேட்டர் அருகே சாய்த்துவைத்துவிட்டு
ஆம்புலன்ஸ் ஓட்டப் போனேன்.
மூன்று எலும்பு முறிவு. ஒரு பிரசவம், பாதி வழியில்.

மூன்றாம் நாள், இரண்டு நாற்காலிகளின் மேல்
பலகை வயிற்றைக் காட்டிக் கிடந்தது.
துடைக்க ஸ்பிரிட் இல்லை.
அலமாரியில் பிளம் ராக்கியா இருந்தது.
காயத்துக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்.

தொங்கிய பிசிர்களைக் கத்தியால் அறுத்தேன்.
மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டாது,
நடுவில் எபாக்ஸி வேண்டும்,
சண்டைக்காரர்களுக்கு நடுவே உட்காரும் ஒரு ஆள் போல.
அது இறுகும்வரை தூங்கினேன்.

எழுந்து விளக்கைச் சாய்த்தபோதுதான் கண்டேன்:
வால்பக்கம் நான்கு பழைய ஒட்டுகள்.
ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்,
இரண்டு வெறும் அவசரம்.
சோஃபியாவில் பழைய சாமான் கடையில் வாங்கிய பலகை.
முன்பு யாருடையதென்று கடைக்காரருக்கும் தெரியாது.
யாரோ ஒருவர், எங்கோ ஒரு சமையலறையில்,
இப்படித்தான் குனிந்திருக்கிறார்.
மஞ்சளில் அவர் கட்டைவிரல் ரேகை
இன்னும் உறைந்திருக்கிறது.
அதை மட்டும் நான் தேய்க்கவில்லை.

பிளாஸ்டிக் குச்சியைக் கொளுத்தினேன்.
முதல் சொட்டுகள் வெறும் கரி, அவை தகர மூடிக்கு.
சுடர் மஞ்சளாய் நீண்டால் புகை விழும்,
தகட்டோடு ஒட்டிப் பிடித்தால் நீலமாய்ச் சிறுக்கும்.
அந்த நீலத்துக்காகக் காத்திருந்து
சொட்டு,
சொட்டு,
மேடு தட்டும்வரை சொட்டு.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஷிவ்கா, தோளில் தூங்காத குழந்தை.
"டயர் எரிகிறதா இங்கே?"
ஜன்னலைத் திறந்தேன். வெளியே மைனஸ் ஒன்பது.
கோட்டை மாட்டிக்கொண்டு சுரண்டத் தொடங்கினேன்,
அவள் போகாமல் நின்று பார்த்தாள்.
"அடிப்பக்கம் தானே, யார் கண்ணில் படும்?"
"படாது."
"அப்புறம் ஏன்?"
"வேகம் குறையும்."
"குறைந்தால் என்ன, தில்யானா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
தகடு வழித்த பிளாஸ்டிக் சுருள்கள்
தரையில் சேர்ந்தன.
குழந்தை அந்தச் சத்தத்தில் தூங்கிப்போனது.
அவள் போகும்போது
கதவை முதுகால் மெல்லச் சாத்தினாள்.

பிறகு மெழுகு, பழைய இஸ்திரிப் பெட்டி,
பிறகு மறுபடி சுரண்டல், பிரஷ்.
உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன்:
பழைய கறுப்பும் புதிய கறுப்பும்
சேருமிடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம்.
கண்ணுக்குத் தெரியவில்லை.
கைக்குத் தெரிகிறது. இருக்கட்டும்.

உன் முதுகிலும் இப்போது
என் பலகையின் ஒரு கீற்று இருக்கும்.
உனக்கு யாரும் மெழுகு தேய்க்கப்போவதில்லை.
ஜூனில் பனி இறங்கியதும் நடந்து வந்து
எத்தனை நிறம் உன் மேல் என்று எண்ணிப்பார்க்கிறேன்,
மஞ்சளுக்குச் சொந்தக்காரரின் கீற்றும்
ஒருவேளை இருக்கலாம்.

அதற்கு முன், சனிக்கிழமை வருகிறேன்.
இந்த முறை இடப்பக்கமாக.
அதற்குள் பனி விழவில்லையென்றால்
விழவில்லை,
பாதிக் குச்சி இன்னும் மிச்சமிருக்கிறது.